வழிகாட்டி நூல் ஒன்று வாங்கிய கதை

2024-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அயல்நாடு ஒன்றுக்குக் குடும்பத்தோடு சென்று வரலாம் என்று நம் இல்லத்தில் பேச்செழுந்தது. காட்டுப்பாக்கத்தில், மெட்ரோ இரயிலுக்காக எழுப்பிய தூண்களுக்குச் சற்று உள்ளே தள்ளிய தெருவொன்றில் குடியிருக்கும் நமக்கு, அயல்நாட்டுப் பயணம் என்பது அதுவரை பிறர் வீட்டுச் செய்தியாகவே இருந்தது. கல்லூரியில் பயிலும் மகள் சிங்கப்பூர் என்றாள். துணைவியார் மலேசியா என்றார். கூடத்து மூலையில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த நம் தாயார் தலை நிமிராமலே, "ஹட்டன்" என்று ஒரே சொல் சொன்னார். அதன் பின் சிங்கப்பூரைப் பற்றி எவரும் பேசவில்லை.

தாயார் 1956-இல் இலங்கை மலைநாட்டில், ஹட்டன் நகருக்கு அப்பால் உள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று அன்றோ? அந்த எண்ணிக்கையில் ஒருவராக, 1970-இல், பதினான்கு வயதில், தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார். மண்டபம் முகாமில் சில காலம். பின்னர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் முப்பது ஆண்டுகள். அங்கே சேர்த்த பணத்தில்தான் காட்டுப்பாக்கத்து மனை வந்தது. ஆனால் அவரைப் பெற்ற தாய் இவற்றுள் எதையும் காணவில்லை. 1968-இலேயே காய்ச்சலில் இறந்து, தோட்டத்துக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். கப்பலேறிய நாளுக்குப் பின் அந்தக் கல்லறைக்கு நம் குடும்பத்தார் எவரும் சென்றதில்லை.

எங்கே போவது என்பது இவ்வாறு முடிந்தது. எதைப் பார்த்துப் போவது என்பதே அடுத்த வினா. "எல்லாம் செல்பேசியிலேயே இருக்கிறது, அப்பா, புத்தகம் எதற்கு?" என்றாள் மகள். அவள் சொல்வதில் உண்மை உண்டு. இரயில் நேரம், அறை வாடகை, மழை வருமா வராதா என்பன போன்றவற்றுக்கு அச்சிட்ட நூலை இன்று நம்புவார் இலர். எனினும் இரண்டு காரணங்களால் நாம் நூலையே நாடினோம். ஒன்று, செல்பேசி நாம் கேட்டதை மட்டும் சொல்கிறது. கேட்கத் தெரியாததைச் சொல்வதில்லை. மற்றொன்று, பயணத்தின் தலைவியாகிய தாயார் வரிக்கு வரி விரல் வைத்துப் படிப்பவர். கண்ணாடித் திரையில் அவர் விரல் பட்டால் பக்கம் ஓடிவிடுகிறது.

ஆகவே ஒரு சனிக்கிழமை மவுண்ட் ரோட்டுக் கடைகளையும், திருவல்லிக்கேணியின் பழைய புத்தகக் கடைகளையும் சுற்றினோம். இலங்கையைப் பற்றி மூன்று வழிகாட்டிகள் கிடைத்தன, மூன்றும் ஆங்கிலம். தமிழில் ஏ. கே. செட்டியாரும் சோமலெயும் எழுதிக் குவித்த பயண நூல்கள் நம் வீட்டிலேயே உண்டு. மழைக்காலத்து மாலைகளில் அவற்றைப் போல் துணை வேறில்லை. ஆயினும் அவை சென்றவர் கண்டதைச் சொல்பவை. இனிச் செல்லப்போகிறவன் எந்தச் சந்தியில் இறங்க வேண்டும் என்று சொல்லும் நூல் தமிழில், தலயாத்திரைக் கையேடுகளை விட்டால், அரிதாகவே இருக்கிறது.

இதை எண்ணும்போது வியப்பாக இருக்கிறது. வழி காட்டுவதையே ஓர் இலக்கிய வகையாக்கிய மொழி நம்முடையது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை. அவற்றுள் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளில், செங்கண்மாவின் நன்னனிடம் கூத்தரை அனுப்பி வைக்கிறது. பரிசிலையும் புகழையும் மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாம். புலவர் அவ்வளவில் நிற்கவில்லை. பன்றிக்குப் பொறி வைத்த இடம் உண்டு, பகல் வந்தபின் நடங்கள். பாம்பு கிடக்கும் குழி உண்டு. தினைப்புனம் காப்போர் யானைமேல் எறியும் கவண்கல் உங்கள்மேல் படக்கூடும். பாசி வழுக்கும் இடத்தில் கொடியைப் பற்றிக்கொள்ளுங்கள். இன்ன ஊரில் இன்ன உணவு தருவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். சொல்பவன் போய் மீண்டவன். கேட்பவன் போக இருப்பவன். மேலைநாட்டிலும் பன்னிரண்டாம் நூற்றாண்டில், ஸ்பெயின் தேசத்துச் சந்தியாகுக்குச் செல்லும் யாத்திரிகருக்காக எழுதப்பட்ட இலத்தீன் நூல், எந்த ஆற்றுநீர் குடிக்கத் தகாது, எந்த ஓடக்காரன் அதிகக் கூலி கேட்பான் என்பவற்றை ஒளிக்காமல் எழுதுகிறது. பிற்காலத்தில், 1836-இல் இலண்டனில் மரே தொடங்கிய கைநூல்களும், ஜெர்மனியில் பெடெக்கர் வெளியிட்ட சிவப்பு அட்டை நூல்களும் இவ்வகையை வணிகமாக்கின. பெடெக்கர் பரப்பிய நட்சத்திரக் குறி வந்த பிறகு, காணத்தக்கது எது என்பதைக் காண்பவன் தீர்மானிக்கும் வேலை குறைந்துவிட்டது என்பது நம் எண்ணம்.

மூன்று நூல்களுள் ஒன்றை எப்படித் தேர்வது? கடைக்காரர் அட்டையைக் காட்டினார். நாம் வேறொரு சோதனை செய்தோம். அதே பதிப்பகத்தார் இந்தியாவைப் பற்றி வெளியிட்ட நூல்களை எடுத்து, சென்னைப் பகுதியைத் திருப்பினோம். நமக்கு நன்கு தெரிந்த இடத்தைப் பற்றி ஒருவர் எவ்வாறு எழுதுகிறார் என்று பார்த்தால், தெரியாத இடத்தைப் பற்றி அவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பது புலப்படும் அல்லவா? காட்டுப்பாக்கம் அவற்றில் இல்லை என்பதைக் குறையாகக் கொள்ளவில்லை, பூவிருந்தவல்லியே இல்லை. ஆனால் ஒரு நூல் பரங்கிமலையையும் சைதாப்பேட்டைச் சின்னமலையையும் ஒன்றாக்கி, 1547-இல் தோண்டியெடுக்கப்பட்ட கற்சிலுவையைச் சின்னமலைக்குக் கொண்டுபோய்விட்டது! அந்தப் பதிப்பகத்தின் இலங்கை நூலை அங்கேயே வைத்துவிட்டோம். படங்கள் மிக அழகானவை, மகளுக்கு வருத்தம்.

எஞ்சிய இரண்டிலும் அகரவரிசையில் ஹட்டனைத் தேடினோம். ஒன்றில் ஹட்டன் என்பது சிவனொளிபாதமலை ஏறுவோர் இரயில் விட்டிறங்கும் இடம், அவ்வளவே. பௌத்தர், இந்துக்கள், இஸ்லாமியர், கிறிஸ்தவர் ஆகிய நால்வரும் தத்தம் மரபைச் சொல்லும் மலை அது. டிசம்பர்ப் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை ஏறும் காலம் என்று விளக்கிய நூல், மலையடிவாரத்து ஊரை 'டல்ஹவுசி' என்று குறித்திருந்தது. தாயாரிடம் படித்துக் காட்டினோம். "அப்படி ஓர் ஊர் இல்லை" என்றார் உறுதியாக. வரைபடத்தை விளக்கிய பின், "அட, நல்லதண்ணி!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் நம் இக்கட்டு நமக்கே விளங்கியது. மலைநாட்டுத் தோட்டங்களுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. துரைமார் தம் நாட்டு ஊர்களின் பெயரையோ வேறெதையோ இட்டுக் கணக்கில் எழுதினர். கொழுந்து பறித்தவர்கள் வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டனர். தாயாருக்குத் தெரிந்தது பறித்தவர்களின் பெயர் மட்டுமே. நூல்களிலும் வரைபடங்களிலும் இருப்பது மற்றது. பழைய நூலகமொன்றில் கேவ் என்பார் 1908-இல் வெளியிட்ட இலங்கை வழிகாட்டியையும் புரட்டினோம். கொழும்பில் புத்தக வணிகம் செய்தவர் அவர். 1884-இல் ஹட்டனை எட்டிய மலைப்பாதையையும் நிலையம் நிலையமாக அருமையாகச் சொல்கிறார். தோட்டங்களின் செழிப்பு அதில் உண்டு. கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்கள் படமாக உண்டு. அவர்கள் எதை என்னவென்று அழைத்தனர் என்பது இல்லை. அக்காலத்து இளந்துரைமாருக்காக ஃபெர்குசன் வெளியிட்ட தமிழ் வழிகாட்டி ஒன்றின் பெயரே 'இங்கே வா' என்பது. அந்த இரண்டு சொற்களைக் கடந்து மேலே படிக்க நமக்கு மனம் வரவில்லை.

பெயர் கிடைத்தது எதிர்பாராத இடத்தில். தாயாரின் தகரப்பெட்டியில், மண்டபம் முகாமில் கொடுத்த காகிதங்களுக்கு அடியில், நாலாக மடித்த ஞானஸ்நானச் சீட்டு இருந்தது. மடிப்புகளில் கிழிந்துபோன இலத்தீன் அச்சு. இடையே குருவானவரின் பேனா எழுத்தில் பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், அதன் பக்கத்தில் ஆங்கிலத்தில் தோட்டத்தின் பெயர்! ஐம்பத்து நான்கு ஆண்டுகள் நம் வீட்டுப் பரண்மேலேயே அது கிடந்திருக்கிறது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எஞ்சிய இரண்டு நூல்களையும் மீண்டும் பார்த்தோம். மூன்றாவது நூலின் வரைபடத்தில் மட்டும், ஹட்டனிலிருந்து பிரியும் கிளைப்பாதை ஒன்றின் மீது, எறும்பின் அளவில் அந்தப் பெயர் இருந்தது.

அதையே வாங்கினோம். மூன்றனுள் மெலிந்ததும், காகிதம் மட்டமானதும், பழையதும் அதுவே. 2022-இல் இலங்கை ரூபாய் வீழ்ந்ததற்கு முன் அச்சானது ஆகையால், அதில் கண்ட விலைகள் ஒன்றும் உதவா. மகள் அவற்றை எல்லாம் பென்சிலால் அடித்தாள். ஆனால் ஊர்ப் பெயர்களைச் சிங்களத்திலும் தமிழிலும் அச்சிட்டிருந்தார்கள். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர் ஆக்கியதை ஒரு பத்தியில், மழுப்பாமல் எழுதியிருந்தார்கள். அழகிய கடற்கரைகளின் நடுவே அந்தப் பத்தியை வைத்தவர் யாரோ, அவருக்கு நம் வணக்கம்.

ஆங்கிலம் தாயாருக்கு ஆகாதே! எனவே மகள் ஒரு 80 பக்க நோட்டுப் புத்தகத்தில், வேண்டிய பகுதிகளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதத் தொடங்கினாள். முதல் நாள் தாயார் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் திருத்தத் தொடங்கினார். "அந்தப் பாலம் ஆஸ்பத்திரிக்கு முந்தி, பாப்பா, பிந்தி இல்லை." மூன்றாம் நாள் நூலைக் கீழே வைத்துவிட்டு, பேத்தி அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். தொழிற்சாலைச் சங்கு கேட்கும் தூரம்; பிள்ளை மடுவம்; அட்டை மிகுந்த ஓடைக்கரை; மழையில் வழுக்கும் எண்பது படி; அதன் மேல் கல்லறை; அப்பாயியின் தாய்க்குத் தலைமாட்டில் சாய்ந்த பாறை. இத்தனை காலமும் நம்மிடம் இவற்றுள் ஒன்றையும் அவர் சொன்னதில்லை. நாம் கேட்டதும் இல்லை.

பயணத்தைப் பற்றி விரித்தெழுதப் போவதில்லை. மீனம்பாக்கத்திலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரமே. கோட்டை நிலையத்திலிருந்து ஹட்டனுக்கு இரயிலில் ஐந்து மணி நேரம். தாயார் சாளரத்தை விட்டு அசையவில்லை. ஹட்டன் நிலையத்துக்கு வெளியே முச்சக்கர வண்டிக்காரரிடம் நாம் நூலின் வரைபடத்தை விரித்து, ஆங்கிலப் பெயரைப் பெருமையோடு உச்சரித்தோம். அவர் விழித்தார். தாயார் முன்வந்து தமிழ்ப் பெயரைச் சொன்னார். "அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, அம்மா, ஏறுங்கள்" என்றார் அவர்.

பாலம் ஆஸ்பத்திரிக்கு முந்தியே இருந்தது. படிகள் எண்பது இல்லை. மகள் எண்ணியதில் அறுபத்து மூன்று. சின்னஞ்சிறு கால்களுக்கு எண்பதாகத் தோன்றியிருக்கும். கல்லறையின் பாதியில் தேயிலை நட்டிருந்தார்கள். மீதியில் புதர். சாய்ந்த பாறைகள் இரண்டு இருந்தன. எது என்று தாயாரால் சொல்ல முடியவில்லை. இரண்டின் அடியிலும் மெழுகுவர்த்தி ஏற்றினார். காற்றில் ஒன்று அணைந்தது, மீண்டும் ஏற்றினார். அரை மணி நேரம் அங்கே நின்றோம். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி மேலிருந்து, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். தாயார் தம் தந்தையின் பெயரைச் சொன்னார். அந்த அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கீழே வந்தார்.

ஊர் திரும்பியபின், அம்பத்தூரிலும் ஆவடியிலும் உள்ள, அதே கப்பல்களில் வந்திறங்கிய குடும்பங்கள் சில அந்த நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிச் சென்றன. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓரிரு வரி கூடித் திரும்பி வந்தது. நாம் விலை கொடுத்து வாங்கிய நூலை ஒருவரும் கேட்கவில்லை. வரைபடத்துக்காக மட்டும் நோட்டோடு சேர்த்தே கொடுத்தனுப்புகிறோம்.

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தது. மண் சரிந்து உயிர்கள் பல மாண்டன. இரயில் பாதையும் பல இடங்களில் அறுந்தது. முச்சக்கர வண்டிக்காரரின் எண் நம்மிடம் இருந்தது. நாலைந்து நாள் முயன்றபின் கிடைத்தார். அவர் வீட்டார் நலம், லயமும் நிற்கிறது, ஓடைக்கரைப் பாதையைத்தான் மண் கொண்டுபோய்விட்டது, படிகளுக்கு இனித் தொழிற்சாலைப் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும் என்றார். தாயார் அன்றிரவே பேத்தியை அழைத்து, ஓடைக்கரை என்ற வரியை அடித்து, சுற்றுவழியை எழுதி, பக்கத்தில் தேதியும் போடச் சொன்னார்.