மார்கேட்டில் ஒரு துப்பாக்கி வாங்கினேன்

குளிர்காலத்தில் இங்கிலீஷ்காரர்களுக்குப் பொழுது போக மூன்று வழிகள் உண்டு. ஒன்று, பப். இரண்டு, மழையைப் பற்றிப் பேசுவது. மூன்றாவது, ஐம்பது வயது ஆசாமிகள் ஒரு கொட்டகையில் கூடி, ஒரு சாண் கூட நீளமில்லாத கார்களை வைத்து ரேஸ் விடுவது. இந்த மூன்றாவதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

2014 கடைசியில் ஆபீஸ் வேலையாக மூன்று மாதம் கென்ட் பக்கம் போய் மாட்டிக்கொண்டேன். தங்கியது மார்கேட்டில். லண்டனிலிருந்து ஒன்றரை மணி நேர ரயில். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே கடல். கோடையில் ஜே ஜே என்று இருக்குமாம். நான் போன நவம்பரில் கடற்கரையில் நானும் நாலு கடற்காக்கைகளும்தான். ட்ரீம்லாண்ட் என்ற பழைய பொருட்காட்சிப் பூங்கா பூட்டிக் கிடந்தது (2015 ஜூனில்தான் மறுபடி திறந்தார்கள்). 1921-ல் கவிஞர் டி.எஸ்.எலியட் உடம்பு சரியில்லாமல் வந்து, கடலைப் பார்த்த ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து 'தி வேஸ்ட் லாண்ட்' கவிதையில் ஒரு பகுதியை எழுதினார். அதே மண்டபத்தில் நானும் உட்கார்ந்து பார்த்தேன். ஜலதோஷம் வந்தது.

மாலை நாலரைக்கே இருட்டி விடுகிறது. ரூமுக்கு வந்தால் நாலு சுவர், ஒரு ஹீட்டர். எத்தனை நாள் ஊருக்கு போன் பண்ணி "சாப்டியா?" "ஆச்சு" என்று பேசிக்கொண்டிருக்க முடியும்?

ஒரு சனிக்கிழமை, ஊருக்கு வெளியே ஹார்ன்பி கம்பெனியின் காட்சிக் கூடத்துக்குப் போனேன். பொம்மை ரயிலுக்குப் பேர்போன கம்பெனி. ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற பந்தயக் கார் செட்டும் அப்போது அவர்களுடையதுதான். 1990-களில் உற்பத்தி சைனாவுக்குப் போகும்வரை இதெல்லாம் மார்கேட்டிலேயே தயாராகிக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய தகரக் கார்கள். பக்கத்தில் பெரிய மீசை வைத்த ஒருவர், பேரனுக்குச் சொல்கிற சாக்கில் எனக்கும் சேர்த்துக் கதை சொன்னார்.

ஃப்ரெட் ஃப்ரான்சிஸ் என்று ஒருவர். ஸ்பிரிங் முறுக்கில் ஓடும் தகரக் கார்களை 1952-லிருந்து 'ஸ்கேலெக்ஸ்' என்ற பெயரில் விற்றார். கொஞ்ச வருஷத்தில் வியாபாரம் படுத்தது. காருக்குள் எலெக்ட்ரிக் மோட்டாரை வைத்தார். ரப்பர் பாதையில் ஒரு பள்ளம், பள்ளத்தின் இரு பக்கமும் உலோகப் பட்டை. அதில்தான் கரண்ட் வரும். 1957-ல் ஹாரகேட் பொம்மைச் சந்தையில் வைத்தார். பிய்த்துக்கொண்டு போனது. "ஆனால் அப்போது கன்ட்ரோல் வெறும் பட்டன்தான். அமுக்கினால் ஓடும், விட்டால் நிற்கும். காலிங் பெல் மாதிரி" என்றார் மீசை. அப்புறம்தான் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கைக்கருவி வந்தது.

நான் இரண்டு கேள்வி கேட்டேன். அவ்வளவுதான். "வெள்ளிக்கிழமை வா, மேட்" என்று விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டார். (மேட் என்றால் நம்ம ஊர் 'மச்சி'. எந்த வயதுக்காரரும் எந்த வயதுக்காரரையும் சொல்லலாம்.)

போனேன். ஒரு கிராமத்துப் பொது மண்டபம். நடுவில் மரத்தாலான பெரிய டிராக், நாலு லேன், நாலு கலர். பத்துப் பன்னிரண்டு பேர். பிளம்பர், பாங்க் ஆபீஸர், லாரி டிரைவர், ஒரு ஸ்கூல் வாத்தியார். மீசை, ரிடையர் ஆன எலெக்ட்ரீஷியன். ஓட்டாத நேரத்தில் எல்லோரும் வளைவுகளில் நின்று, பள்ளத்தை விட்டுத் தெறிக்கும் கார்களை எடுத்து வைக்க வேண்டும். யாருக்கும் விலக்கு கிடையாது. பாங்க் ஆபீஸர் ஓடி ஓடி பிளம்பர் காரைப் பொறுக்கி வைக்கிற காட்சியை நம் பாங்க்குகளில் பார்க்க முடியுமா!

விருந்தாளிகளுக்கு ஒரு பிஸ்கட் டின்னில் இரவல் கன்ட்ரோலர்கள் வைத்திருந்தார்கள். துப்பாக்கி மாதிரி கைப்பிடி, ஆள்காட்டி விரலுக்கு ஒரு ட்ரிக்கர். என் கைக்கு வந்தது பாதி அமுக்கும் வரை செத்த பாம்பு. அதற்கு மேல் ராக்கெட். கார் முதல் வளைவிலேயே பறந்து வாத்தியாரின் தேநீர்க் கோப்பைக்குள் இறங்கியது. வாத்தியார் காரை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு, மிச்ச டீயைக் குடித்தார். ஜென்டில்மேன்.

மூன்றாம் வாரம் விஷயம் சீரியஸானது. டிசம்பரில் டீம் ரேஸ். மீசையின் அணியில் ஒருவருக்கு முழங்கால் ஆபரேஷன். "நீ ஓட்டு" என்றார்கள். ஆளுக்கு ஒரு லேன், எல்லோருடைய சுற்றுகளையும் கூட்டி மொத்தக் கணக்கு. நான் சொதப்பினால் என்னோடு போகாது. வருஷம் பூரா காத்திருந்த மூன்று பேரின் கணக்கும் போச்சு. பிஸ்கட் டின்னை நம்பி இறங்க முடியாது. சொந்தமாக ஒன்று வாங்கியாக வேண்டும். கையிலோ அலவன்ஸில் மிச்சம் பிடித்த பணம், அதுவும் அம்மாவின் ஸ்வெட்டருக்கு ஒதுக்கியது. எந்த விலையைப் பார்த்தாலும் மனசு தானாக நூறால் பெருக்குகிறது.

"வாங்குவதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்" என்று மீசை ஒரு கன்ட்ரோலரைத் திறந்து காட்டினார். பார்த்தவுடன் சிரிப்பு வந்துவிட்டது. நம் வீட்டுப் பழைய ஃபேன் ரெகுலேட்டர்! கம்பி சுற்றிய ரெஸிஸ்டர், அதன்மேல் உரசிக்கொண்டு போகும் ஒரு தொடுமுனை. அவ்வளவுதான். வெளியே மூன்று வயர். ஒன்று கரண்ட் வருவதற்கு, ஒன்று டிராக்குக்குப் போவதற்கு, மூன்றாவது பிரேக்குக்கு. ட்ரிக்கரை முழுசாக விட்டால் மூன்றாவது வயர் வழியாக மோட்டாரின் இரண்டு முனையும் ஒன்று சேரும். சுற்றுகிற மோட்டார் அந்த நொடியில் டைனமோ ஆகிவிடும். ராத்திரியில் சைக்கிள் டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்தால் பெடல் கனக்குமே, அந்தக் கனம்தான் காரை நிறுத்துகிறது. ஆகவே ஸ்பிரிங் தளர்ந்து ட்ரிக்கர் கடைசிவரை திரும்பாவிட்டால் பிரேக்கே இல்லை. வளைவில் கோவிந்தா.

அடுத்தது ஓம் கணக்கு. மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறதோ, அதற்கேற்ற ரெஸிஸ்டர் வேண்டும். பெரும்பசி மோட்டாருக்கு ஓம் குறைவு, சாது மோட்டாருக்கு அதிகம். இவர்கள் ஓட்டிய கார்களுக்கு 45 ஓம் பக்கம் சரி என்றார் மீசை. அதே காருக்கு 15 ஓம் மாட்டினால் விரல் பட்டவுடனே பாயும். 90 மாட்டினால் ட்ரிக்கரின் முதல் பாதி சும்மா. வீட்டு செட்டுகளில் காரின் வயிற்றில் ஒரு காந்தம் இருந்து டிராக்கோடு பிடித்துக்கொள்ளும். இங்கே அதைக் கழற்றி விடுகிறார்கள். அதனால் விரலின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கு.

பாங்க் ஆபீஸரிடம் இருந்தது எலெக்ட்ரானிக் ரகம். இத்தாலிக்காரர்களின் ஸ்லாட்.இட் தயாரிப்பு. உள்ளே உரசலே கிடையாது, காந்தத்தை வைத்து ட்ரிக்கரின் நிலையைக் கண்டுபிடிக்கிறது. தேய்மானம் இல்லை. பிரேக்குக்கு ஒரு குமிழ், ஆரம்ப வேகத்துக்கு ஒரு குமிழ். எந்த மோட்டாருக்கும் ஒத்துப்போகும். பத்துச் சுற்று ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய்! விலையைக் கேட்டேன், அம்மா ஸ்வெட்டரோடு அப்பா ஸ்வெட்டரும் போய்விடும். தவிர, எலெக்ட்ரானிக் ரகங்களில் பல, டிராக்கின் பாசிட்டிவ்-நெகட்டிவ் பார்த்து வாங்க வேண்டியவை. மாற்றிச் சொருகினால் புகை வரலாம். ரெஸிஸ்டர் ரகத்துக்கு அந்த வம்பு இல்லை. ப்ளக்கும் க்ளப்புக்கு க்ளப் வேறு. வாங்கும் முன் கேட்காவிட்டால், கையில் கன்ட்ரோலர் இருக்கும், சொருக இடம் இருக்காது.

கடைசியில் லாரி டிரைவர் தன் பழைய பார்மாவை விற்பதாகச் சொன்னார். அமெரிக்க ரெஸிஸ்டர் ரகம், 45 ஓம். மீசை அதைப் பரிசோதித்த விதத்தைப் பெண் பார்க்கப் போகிறவர்கள் பார்க்க வேண்டும். முதலில் ட்ரிக்கரை அரைக்கால் அமுக்கி, காரை ஆமை மாதிரி ஊர வைத்தார். அப்படியே வயர் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தை ஆட்டினார். கார் திக்கினால் உள்ளே வயர் அறுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். திக்கவில்லை. அடுத்து ட்ரிக்கரை நூல் நூலாக இழுத்தார். நடுவில் எங்காவது கார் தயங்கினால் கம்பி தேய்ந்திருக்கிறது. ஒரே இடத்தில் தயங்கியது. திறந்து துணியால் துடைத்தார், சரியாயிற்று. பிறகு ஐந்து நிமிஷம் என்னை ஓட்டச் சொல்லி, கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். டீ டம்ளர் சூடு. "இது இருக்கலாம். தோசைக்கல் சூடுதான் கூடாது" என்றார். (தோசைக்கல் என் மொழிபெயர்ப்பு.)

பாங்க் ஆபீஸரின் கருவி இதைவிட உசத்தி, சந்தேகமே இல்லை. ஆனால் அது மக்கர் பண்ணினால் திறந்து பார்க்க அந்த மண்டபத்தில் ஒருவராலும் முடியாது. இதற்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு மீசைக்காரரும் போதும். வாங்கிவிட்டேன். ஸ்வெட்டருக்கும் மிச்சம் இருந்தது.

ரேஸ் அன்று எனக்கு மஞ்சள் லேன். இரண்டே தரம்தான் கார் தெறித்தது. இரண்டு தரமும் வாத்தியார் பாய்ந்து எடுத்து வைத்தார். ஒவ்வொரு சுற்றிலும் அதே வளைவில், அதே இடத்தில் விரலை விட்டால், கார் அதே இடத்தில் அடங்கியது. நான் இறங்கும்போது இரண்டாவது இடத்தில் இருந்தோம். மீசை கடைசியாக ஏறி அதைக் காப்பாற்றினார். நாலு அணியில் இரண்டாவது. முழங்கால்காரருக்கு அங்கிருந்தே போன் போட்டுச் சொன்னார்கள்.

ஊர் திரும்புவதற்கு முன் மீசை ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தார். உள்ளே ஸ்பேர் ஸ்பிரிங் ஒன்று, தொடுமுனை இரண்டு. "எலெக்ட்ரானிக் வாங்கினால் ஜாக்கிரதை. உங்கள் ஊர் டிராக் பாசிட்டிவா, நெகட்டிவா?"

"எங்கள் ஊரில் முதல் கேள்வி, கரண்ட் இருக்கிறதா, இல்லையா என்பதுதான் மேட்" என்றேன்.