பெட்டிக்குள் எலுமிச்சை

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் வியாபாரம் ஓய்ந்த நேரம். கமிஷன் கடை வாசலில், தரம் பிரித்தவர்கள் ஒதுக்கிய கழிவுக் காய்கள் குவிந்து கிடக்கின்றன. கொஞ்ச தூரத்தில் காலி ஓலைப்பெட்டி ஒன்று. இரண்டு பையன்களுக்கு அது போதும்.

பெரியவன் செருப்பு நுனியால் கோடு கிழித்து, அதை விட்டு நகராமல் எறிகிறான். காய்களையும் ஒரே பருமனாகப் பொறுக்கி வைத்திருக்கிறான். முழங்கை ஒரே மாதிரி மடங்கி ஒரே மாதிரி நீள்கிறது. பெரும்பாலும் பெட்டிக்குள்தான்.

சின்னவனுக்குக் கோடும் கிடையாது, பொறுக்கலும் கிடையாது. தவறிய காய் எங்கே உருண்டதோ அங்கே ஓடி, அங்கிருந்தே எறிகிறான். ஒருமுறை தராசுக்குப் பக்கத்திலிருந்து, ஒருமுறை சாக்கு அடுக்குக்கு அந்தப் பக்கமிருந்து. ஒரு காய் கல்லாக இருக்கிறது. அடுத்தது நசுங்கி விரலிடுக்கில் சாறு வழிகிறது. பாதிக்கு மேல் வெளியே விழ, பெரியவன் கெக்கலி கொட்டுகிறான்.

லாரி பின்பக்கமாக வருகிறது. லோடுமேன் பெட்டியைக் காலால் தள்ளிச் சுவரோரம் ஒதுக்குகிறார். கோடு லாரிக்கு அடியில். இருவரும் புது இடத்தில் நின்று எறிகிறார்கள். பெரியவனின் மூன்று காயும் பெட்டியைத் தாண்டிச் சுவரில் மோதுகின்றன. சின்னவன் முதலாவதைத் தவறவிட்டு அடுத்த இரண்டையும் உள்ளே போட்டுவிடுகிறான்.

1978-இல் கெர், பூத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எட்டு வயதுப் பிள்ளைகளிடம் சிறு பைகளைக் கொடுத்துக் குறி பார்த்து எறியச் சொன்னார்கள். ஒரு குழு 3 அடி தூரத்திலேயே பழகியது. மற்றது 2 அடியிலும் 4 அடியிலும். கடைசியில் 3 அடியில் வைத்துச் சோதித்தால், அந்தத் தூரத்தில் பழகியே இராத பிள்ளைகள்தான் குறிக்கு நெருக்கமாக எறிந்தார்கள். எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு விசை என்கிற கணக்கு, தூரம் மாற மாறத்தான் கைக்குப் பிடிபடுகிறது என்பது ரிச்சர்ட் ஷ்மிட் 1975-இல் முன்வைத்த கோட்பாட்டின் சாரம். பழகும்போது விழுகிற தவறுகள் அந்தக் கணக்குக்குக் கொடுக்கிற விலை.

“பெட்டிய நவுத்திட்டியளே அண்ணாச்சி!” பெரியவன் முறையிடுகிறான்.

“ஏல, மேட்ச்ல பந்து ஒன் கோட்டுக்கேவா வரும்? ஓடிப் பொறுக்குன எடத்துலருந்துதான ஸ்டம்ப்ப அடிக்கணும்?” என்று சொல்லிக்கொண்டே அவர் அடுத்த சாக்கைத் தோளில் ஏற்றுகிறார்.