சிறுதேர்ப் பருவம்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனத் துறைத் தலைவர் அவர்கள் கேட்டபோது நான் பெரிதும் தயங்கினேன். இத்துறையில் 1989 முதல் 1992 வரை இளங்கலை பயின்றவன் என்பது தவிர, இலக்கியம் பற்றி எழுதும் தகுதி எதுவும் இன்று என்னிடம் இல்லை. 1995இல் துபாய்க்குச் சென்றவன் இருபத்தாறு ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் கணக்கேட்டைப் புரட்டினேனேயன்றி வேறு ஏட்டைப் புரட்டியதில்லை. "இப்போது எதில் மனம் ஈடுபட்டிருக்கிறதோ அதையே எழுதுங்கள்" என்றார் தலைவர். ஐம்பது வயதைக் கடந்த நான் இப்போது ஈடுபட்டிருப்பது பொம்மை இரயில் கட்டுவதில். இதைச் சான்றோர் வாசிக்கும் மலரில் எழுதுவதற்குச் சற்றே கூச்சமாகத்தான் இருக்கிறது. எனினும், எழுதத் தொடங்கியபின் இதுவும் நான் இங்கே கற்ற பாடத்தோடு தொடர்புடையதுதான் என்று உணர்ந்தேன்.

சிற்றிலக்கிய வகுப்பில் எங்கள் பேராசிரியர் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை விரல்விட்டு எண்ணிச் சொல்வார். காப்பு, செங்கீரை, தாலம், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி எனத் தொடங்கி, ஆண்பாற் பிள்ளைத்தமிழ் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என முடியும். இசுலாமியத் தமிழ்ப் புலவர்களும் இவ்வகையில் பல நூல்கள் யாத்துள்ளனர் என்பதை மாணவர் அறிவர். மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை, ஒற்றைப்பட்ட திங்களுக்கு ஒன்றாக இப்பருவங்கள் அமையும் என்பது பாட்டியல் நூலார் கருத்து. இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். இதன் பொருள் எனக்கு விளங்கியது 2006ஆம் ஆண்டில்தான்.

என் மகன் 2004இல் பிறந்தான். அவன் பிறந்து நாற்பது நாள் வரை ஊரில் இருந்துவிட்டு விமானம் ஏறினேன். எங்கள் நிறுவனத்தில் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறைதான் விடுமுறை. மீண்டும் வந்து வாசலில் பெட்டியை இறக்கியபோது அவன் தாயின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னை எட்டிப் பார்த்தான். இருபத்தொரு திங்களும் கழிந்திருந்தன. செங்கீரை ஆடியதையும், சப்பாணி கொட்டியதையும், அம்புலியை அழைத்ததையும் நான் தொலைபேசியில் கேட்டதோடு சரி. ஒரு விடுமுறைக்கும் மறு விடுமுறைக்கும் இடையே ஒரு பிள்ளைத்தமிழ் முழுவதும் நடந்து முடிந்துவிட்டது. அயல்நாடு சென்ற நம்மவர் பலர்க்கும் இது புதிய செய்தியன்று.

2011ஆம் ஆண்டு விடுமுறைக்கு வரும்போது துபாய்க் கடை ஒன்றில் லெகோ இரயில் பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். அறுநூறுக்கும் மேற்பட்ட சிறு கட்டைகளைக் கொண்டு நாமே கட்டி, தண்டவாளத்தில் ஓடவிட வேண்டிய இரயில் அது. ஏழு வயது மகன் அதை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டான். அந்த விடுமுறையில் ஒரு திருமணம், ஒரு நிலப்பதிவு, உறவினர் வீடுகளுக்கான பயணம் என நாள்கள் ஓடின. "நாளைக்குக் கட்டலாம்" என்று நாள்தோறும் சொன்னேன். புறப்படும் நாளில், "தனியாகப் பிரிக்காதே, சிறு கட்டைகள் தொலைந்துவிடும். அடுத்த முறை வந்ததும் சேர்ந்து கட்டலாம்" என்று சொல்லிச் சென்றேன். அடுத்த முறை வந்தபோது அதை நான் மறந்திருந்தேன். அவனும் கேட்கவில்லை.

2021இல் நிரந்தரமாக ஊர் திரும்பினேன். அதே ஆண்டில் மகன் பொறியியல் படிப்பிற்காக விடுதிக்குச் சென்றான். மழைக்காலத்தில் ஒழுகிய பரணை ஒழுங்கு செய்தபோது பழைய போர்வையில் சுற்றப்பட்டிருந்த அந்தப் பெட்டி என் கையில் கிடைத்தது. ஒட்டிய முத்திரை பிரியாமல் அப்படியே இருந்தது. அன்றிரவு மகனிடம் தொலைபேசியில் கேட்டேன். "நீங்கதானே வாப்பா, தனியாகப் பிரிக்கக் கூடாது என்று சொன்னீங்க" என்றான். அவன் குரலில் குறை எதுவும் இல்லை. அதுவே எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

அந்தப் பெட்டியை நான் பிரிக்கவில்லை. அவனோடு சேர்ந்து கட்டும் நாள் வரும்போது ஒன்றும் தெரியாதவனாக உட்காரக் கூடாது என்று எண்ணி, பழகிக்கொள்வதற்காக வேறொரு இரயில் பெட்டியை வாங்கினேன். பழகுவதற்கென்று தொடங்கியது, பழக்கமாகவே நிலைத்துவிட்டது.

இக்கலையின் வரலாறு சுவையானது. டென்மார்க் நாட்டின் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932ஆம் ஆண்டு மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' எனப் பொருள்படும் இரு டேனியச் சொற்களின் முன்பகுதிகளைச் சேர்த்ததே லெகோ என்னும் பெயர். தச்சன் செய்த சிறுதேரில் ஏறிச் செல்ல இயலாதெனினும் அதைக் கையால் இழுத்தே இன்புறும் சிறுவரைக் குறுந்தொகையில் காண்கிறோம். ஈராயிரம் ஆண்டுகளானாலும் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் தேர் செய்பவன் தச்சனே என்பதை எண்ணி வியந்தேன். மேற்புறம் குமிழும் உட்புறம் குழாயும் அமைந்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் இன்றைய கட்டைக்கு 1958 சனவரியில் காப்புரிமை கோரப்பட்டது. அவ்வாண்டில் வார்த்த கட்டையும் இவ்வாண்டில் வார்த்த கட்டையும் இன்றும் பிசகின்றிப் பொருந்துகின்றன.

1966இல் நாலரை வோல்ட் மின்சாரத்தில் ஓடும் முதல் இரயில் வந்தது. 1969இல் பன்னிரண்டு வோல்ட்டும், 1991இல் உலோகத் தண்டவாளத்தின் வழியே மின்சாரம் பெறும் ஒன்பது வோல்ட்டும் வந்தன. 2006 முதல் தண்டவாளம் வெறும் பிளாஸ்டிக் ஆனது. வண்டியே தன் வயிற்றில் மின்கலத்தைச் சுமக்கத் தொடங்கியது. பரணிலிருந்த என் பெட்டி அகச்சிவப்புக் கதிரால் இயக்கப்படும் காலத்தைச் சேர்ந்தது. 2018க்குப் பின் வந்தவை புளூடூத் அலைக்குக் கட்டுப்படுகின்றன. இயக்கும் முறை மாறினும் தண்டவாள அளவு மாறவில்லை.

தொடக்கத்தில் எனக்கு எதுவும் எளிதாக வரவில்லை. பதினாறு வளைவுத் துண்டுகளைச் சேர்த்தால் ஒரு முழு வட்டம் என்பது கணக்கு. வட்டத்தில் நன்றாகவே ஓடியது. வலப்புறம் வளைந்த பாதையை உடனே இடப்புறம் வளைத்தபோது கடைசிப் பெட்டி தடம் புரண்டது. எத்தனை முறை வைத்தாலும் அங்கேயே புரண்டது. இரு வளைவுகளுக்கும் நடுவே ஒரு நேர்த்துண்டைச் செருகினால் போதும் என்பதைக் கண்டறிய மூன்று இரவுகள் ஆயின. திசை மாறும் முன் வண்டி சற்று நேராக நிற்க இடம் வேண்டும். இத்தனைக்கும் வண்டியில் ஆறு சிறிய பென்சில் செல்கள் போட வேண்டுமென்பதையே முதல் நாள் நான் அறிந்திருக்கவில்லை.

பிறகு, எங்கள் ஊர் வழியே ஓடிய மீட்டர் கேஜ் வண்டியைக் கட்ட வேண்டுமென்ற ஆசை பிறந்தது. திருவாரூர் - காரைக்குடிப் பாதையில் பிறந்து வளர்ந்தவர்க்கு அவ்வண்டியின் ஓசையே கடிகாரம். சென்னை எழும்பூரிலிருந்து வரும் கம்பன் விரைவு வண்டியில்தான் எங்கள் ஊரார் விமானம் ஏறச் சென்றதும், வந்ததும். 2012இல் பாதை மாற்றப் பணிக்காக வண்டிகள் நிறுத்தப்பட்டன. 2019இல்தான் அகலப் பாதையில் மீண்டும் வண்டி வந்தது. இடைப்பட்ட விடுமுறைகளில் நான் ஊருக்கு வந்தபோது தண்டவாளமே இல்லாத நிலையத்தைக் கண்டேன்.

கணக்கனாகிய நான் கணக்கிலிருந்தே தொடங்கினேன். லெகோ தண்டவாளத்தின் இடைவெளி ஏறத்தாழ 38 மில்லிமீட்டர். அதை ஒரு மீட்டருக்கு ஈடாகக் கொண்டால் பெட்டியின் அகலமே பத்துச் சென்டிமீட்டர் ஆகிறது. நீளமோ முக்கால் மீட்டரை நெருங்குகிறது. 32 சென்டிமீட்டர் ஆரமுள்ள வளைவில் அது திரும்பாது. ஆதலால் பெட்டியை நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, ஏழு குமிழ் அகலத்தில் அமைத்தேன். அந்த விகிதத்தில் என் மேசைத் தண்டவாளம் 1.8 மீட்டர் அகலத்திற்கு ஈடாகிறது. இந்திய அகலப் பாதையோ 1.676 மீட்டர்தான். எங்கள் ஊர்ப் பாதையை அகலமாக்க ஏழாண்டுகள் ஆயின. நான் ஒரே மாலையில் அதனினும் அகலமாக்கிவிட்டேன் என்று சொல்லி என் மனைவி சிரித்தார்.

கட்டுவதற்கு முன் கணினியில் வரைந்து பார்க்கும் வசதியும் உண்டு. ஆஸ்திரேலியரான ஜேம்ஸ் ஜெசிமன் என்பவர் 1995இல் லெகோ கட்டைகளைக் கணினியில் அடுக்கிப் பார்க்க எல்டிரா என்னும் மென்பொருளை உருவாக்கினார். 1997இல் இளம் வயதிலேயே அவர் மறைந்தார். அவர் தொடங்கிய கட்டைப் பட்டியலை உலகெங்கும் உள்ள ஆர்வலர் இன்றளவும் ஊதியமின்றி வளர்த்து வருகின்றனர். விளையாட்டிலும் இத்தகைய அறப்பணி உண்டென்பதை அறிந்து நெகிழ்ந்தேன்.

இவ்வார்வலர் வழக்கில் ஒரு சொல் உண்டு. சிறுவயதில் விளையாடியவர் அதை விட்டு விலகி மீண்டும் திரும்பும் வரையுள்ள ஆண்டுகளை அவர்கள் 'இருண்ட காலம்' என்பர். தமிழ் மாணவர்க்கு இச்சொல் களப்பிரர் காலத்தை நினைவூட்டும். அக்காலத்தை இருள் என்று தள்ளிவிடலாகாது, நீதி நூல்கள் பல தோன்றிய காலம் அது என்று எங்கள் பேராசிரியர் வாதிடுவார். துபாயில் கழிந்த என் ஆண்டுகளையும் நான் முற்றிலும் இருள் என்று சொல்லமாட்டேன். வீடு எழுந்தது அந்த ஆண்டுகளில்தான். தங்கையர் திருமணங்கள் நடந்ததும், மகன் படித்ததும் அந்த ஊதியத்தில்தான். ஆயினும் கொடுத்த விலை எவ்வளவு என்பதைப் பரணிலிருந்த பெட்டி எனக்குக் காட்டியது.

ஊரில் இச்செய்தி பரவாமல் இருக்குமா? பெரியவர் ஒருவர் கடைத்தெருவில் என்னை நிறுத்தி, "என்ன மருமகனே, பேரன் எடுக்கும் வயசில் பொம்மை ரயில் ஓட்டுறியாமே? கைக்காசைக் கரைக்க வேறு வழி இல்லையா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் இதில் செலவிடுவதில்லை என்று எனக்கு நானே விதித்துக்கொண்டதையும், அதற்குத் தனிக் கணக்கேடு உண்டு என்பதையும் அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. கணக்கேட்டைப் பார்க்கவென்றே ஒரு மாலை வீட்டிற்கு வந்தார்.

மேசைமீது கருஞ்சிவப்புப் பெட்டிகளுடன் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நெடுநேரம் பேசாமல் பார்த்தவர், "சன்னல் கம்பியை நெடுக்காக வைத்திருக்கிறாய். அது குறுக்காகத்தான் இருக்கும். என் பிள்ளைகளை வழியனுப்பும்போதெல்லாம் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எத்தனை அடி நடந்திருப்பேன்!" என்றார். அன்றே கம்பிகளை மாற்றினேன். கணக்கேட்டை அவர் கேட்கவில்லை. இப்போது வாரத்தில் ஒருநாள் வந்து அமர்ந்து தேநீர் அருந்திச் செல்கிறார்.

2025இல் மகன் படிப்பை முடித்தான். தோஹாவில் வேலை கிடைத்தது. புறப்பட இரு நாள்கள் இருக்கையில், இரவுத் தொழுகை முடித்து வந்து அந்தப் பெட்டியை மேசைமீது வைத்தேன். முத்திரையை அவனே பிரித்தான். பதினான்கு ஆண்டுகள் பூட்டிக் கிடந்த கட்டைகள் நேற்று வார்த்தவைபோலப் பொருந்தின. நான் பழகி வைத்திருந்தது வீண் போகவில்லை. எனினும் அவன் கைதான் என் கையைவிட விரைவாக இருந்தது. விளக்கப் படங்களைப் பார்க்காமலேயே அடுத்த கட்டையை எடுத்தான். எப்படி என்று கேட்டேன். "பெட்டி மேல இருக்கிற படத்தை எத்தனை வருஷம் பார்த்திருக்கேன் வாப்பா" என்றான்.

மறுநாள் இரவு பதினொரு மணியளவில் எஞ்சினும் ஒரு பெட்டியும் முடிந்திருந்தன. கடைசிப் பெட்டி மட்டும் மீதி. விடியற்காலையில் அவன் திருச்சிக்குப் புறப்பட வேண்டும். கட்டைகளைக் கிண்ணத்தில் அள்ளியவாறே, "இதை வைத்திருங்க வாப்பா. அடுத்த லீவுக்கு வந்ததும் கட்டிக்கலாம்" என்றான்.

"வேண்டாம், இப்போதே முடித்துவிடுவோம்" என்று கிண்ணத்தை வாங்கி மீண்டும் மேசைமீது வைத்தேன். என் மனைவி தேநீர் கொண்டுவந்தார். இரண்டு மணிக்குக் கடைசிச் சக்கரம் பொருந்தியது. அவன் கட்டிய வண்டியும் நான் கட்டிய மீட்டர் கேஜ் வண்டியும் ஒரே தண்டவாளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. மூவரும் தரையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கார் வரும் வரை யாரும் உறங்கச் செல்லவில்லை.