அப்பாவின் கத்தியும் என் உப்புத்தாளும்

பள்ளிக்கூடத்தில் ‘இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் தேவை’ என்று எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். அப்பாவின் கரும்பு வெட்டும் கத்தியைக் கெடுத்ததும் நானேதான்.

எங்கள் ஊர் கச்சிராயபாளையம். கல்வராயன் மலை அடிவாரம். பக்கத்திலேயே கோமுகி அணை, கூட்டுறவு சர்க்கரை ஆலை. எங்கு பார்த்தாலும் கரும்பு. அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். அவர் கத்தி, கொல்லுப் பட்டறையில் லாரி பட்டையைக் காய்ச்சி அடித்தது. அலகு முழுக்கச் சுத்தியல் விழுந்த குழிகள், கறுப்பு நிறம். வெட்டும் வாய் மட்டும்தான் பளபளக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் பொங்கல் லீவில் போனபோது, அந்தக் கறுப்பை அழுக்கு என்று நினைத்துவிட்டேன். உப்புத்தாளால் ஒரு மணி நேரம் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கி, கழுவித் திண்ணையில் வைத்தேன். ராத்திரி நல்ல பனி. காலையில் பார்த்தால் அலகு செம்மண் நிறம்!

"ஏண்டா, தோலை உரிச்சுட்டியே?" என்றார் அப்பா. வேறு எதுவும் சொல்லவில்லை. கூட வெட்டுகிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். அவர் உட்கார்ந்து துருவைத் தேய்த்துச் சாணை பிடித்தார். அரை நாள் கூலி போச்சு.

தோல் என்றது சரிதான். இரும்பைச் சிவக்கக் காய்ச்சும்போது மேலே கறுப்பாக ஆக்சைடு படலம் உண்டாகிறது. அதில் மேக்னடைட் இருக்கிறது. முழுக் கவசம் இல்லைதான், விரிசல் விட்ட இடத்தில் துரு நுழையும். ஆனால் தேய்த்து மினுக்கிய இரும்புக்கு அதுகூடக் கிடையாது. போதாததற்கு உப்புத்தாள் போட்ட கீறல்களில் ஈரம் வேறு தங்கும்.

குழி விழுந்த அலகில் கரும்புச் சாறு தங்கிவிடும். சாறு லேசான அமிலம், அதிலுள்ள சர்க்கரை ஈரத்தை இழுக்கும். மேலாகத் துடைத்தால் போகாது. ஆனால் அதே குழியில் எண்ணெயும் தங்குமே! எது தங்குகிறது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

அப்பா செய்வது இதுதான். வயலிலிருந்து வந்ததும் தண்ணீர் விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவார். துடைத்து, அடுப்போரம் வைத்துக் காயவிடுவார். இளஞ்சூட்டிலேயே விளக்கெண்ணெய் தடவுவார். அது கெட்டி, சீக்கிரம் காயாது. ஈரச் சாக்கில் ஒருநாளும் சுற்றமாட்டார். துரு வந்துவிட்டால் புளி போடலாம். புளியும் அமிலம் என்பதால் நன்றாகக் கழுவிக் காயவைக்க வேண்டும்.

ஜப்பானில் ‘சுச்சிமே’ என்று சுத்தியல் தடத்தோடு சமையல் கத்தி செய்கிறார்கள். அதில் கார்பன் எஃகுக் கத்திகளுக்கும் இதே வைத்தியம்தான். வீட்டில் காய் நறுக்கும் கத்திக்குத் தேங்காய் எண்ணெய் போதும்.

நான் தேய்த்த இடம் எண்ணெய் பட்டுப் பட்டு இப்போது மெல்ல மங்கி வருகிறது. ஊருக்குப் போனால் எண்ணெய் போடுகிற வேலை என்னுடையது. உப்புத்தாளை மட்டும் எங்கே வைத்திருக்கிறார் என்று அப்பா இன்னும் சொல்லவில்லை.