எறும்புகள் சொன்ன சேதி

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, புதுச்சேரியின் தமிழர் பகுதியில், முற்றம் வைத்த பழைய வீடொன்றில் குடியிருக்கிறோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு தொட்டிச் செடி வாங்கினோம். வாளை நட்டுவைத்தாற்போல் நிமிர்ந்த, வரியோடிய இலைகள். "பாம்புச்செடிங்க. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ தண்ணி ஊத்துங்க, அது பாட்டுக்கு வளரும்" என்றார் கடைக்காரர். நாங்களும் அதை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டோம்.

இச்செடியின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. ஆயினும் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நம் வறண்ட காடுகளில் வளரும் மருளுக்கு நெருங்கிய உறவு. சங்கப் பாடல்களில் வரும் மரல் இம்மருளே என்பர். அதன் நாரில் ஒரு காலத்தில் வில்லுக்கு நாண் திரித்தார்கள். தடித்த இலைகளில் நீரைச் சேமித்துவைத்து வறட்சியைத் தாண்டும் இனம். இதற்கு என்ன வந்துவிடப்போகிறது என்ற நினைப்பே எங்கள் கண்ணை மறைத்தது.

சேதி சொன்னவை எறும்புகள். சென்ற ஆவணியில் ஒரு காலை, தாழ்வாரச் சுவரிலிருந்து தொட்டிக்குள் ஒரு சாரை இறங்கிக்கொண்டிருந்தது. இலைகள் ஒன்றையொன்று தழுவும் அடிப்பகுதியை விலக்கிப் பார்த்தோம்: பஞ்சு பஞ்சாக மாவுப்பூச்சி. இப்பூச்சிகள் செடியின் சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவைச் சொட்டுகின்றன. அந்த இனிப்புக்காக எறும்புகள் அவற்றை ஆடுமாடுபோல் காவல் காக்கின்றன. முற்றத்துச் செம்பருத்தியிலும் அதே வெள்ளை.

அன்று மாலையே போர் தொடங்கிவிட்டோம். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தோம். ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து தெளித்தோம். கூட்டத்தில் சில மற்றவற்றைப்போல் இரு மடங்குப் பெரியவை. உடலெங்கும் வெண்மெழுகு இழைகள் தொங்க விரைந்து ஓடின. இவையே தாய்ப்பூச்சிகள் என்று நாங்களாகவே முடிவுகட்டி, தேடித் தேடிக் கொன்றோம். பதினொன்று என்று எண்ணியதும் நினைவிருக்கிறது.

வேளாண்மை படித்த நண்பருக்குப் பெருமையோடு படம் அனுப்பினோம். ஒரே வரியில் பதில் வந்தது: "பெரியதைக் கொல்லாதீர்கள்."

அவை மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் இளம்புழுக்கள். இரையின் வேடத்தையே தாமும் பூண்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இவ்வண்டை, காப்பிச் செடியின் செதிற்பூச்சியை ஒழிப்பதற்காக 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இங்கே வாழ்ந்துவரும் விருந்தாளி, அழைக்காமலே எங்கள் முற்றத்துக்கு உதவ வந்திருந்தது. நாங்கள் பஞ்சை நனைத்துக்கொண்டு காத்திருந்தோம்.

நாங்கள் அறியாதவர்களும் அல்லர். 2008இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மல்பெரியையும் மரவள்ளியையும் சூறையாடியது, மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விடப்பட்ட, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒட்டுண்ணிக் குளவிகளே அதை அடக்கின. இச்செய்தியை வியந்து படித்தவர்கள்தாம் நாங்கள். படித்தது கைக்கு வந்து சேரவில்லை.

மூன்றே வாரத்தில் மாவுப்பூச்சி திரும்பி வந்தது. பஞ்சுப் பைக்குள் இருக்கும் முட்டைகளை ஒரு நாள் தெளிப்பு தொடுவதில்லை. இப்போது தொட்டியை நீர்த்தட்டின் நடுவே செங்கல்மேல் வைத்திருக்கிறோம், எறும்புக்கு வழியில்லை. வாரந்தோறும் இலையடியை விலக்கிப் பார்த்துத் துடைக்கிறோம். பாம்புச்செடி தேறிவிட்டது.

செம்பருத்திக்கு மட்டும் எதையும் தெளிப்பதில்லை. பன்னிரண்டாவது ஒன்று தப்பியிருக்குமோ என்று, நாள்தோறும் காலையில் அதன் இலைகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.