பாதியில் பிடுங்கிய நாவல்



லீவுக்குத் தேனாம்பேட்டை வீட்டுக்கு வந்திருக்கும் பேத்தி ராத்திரி விளக்கை அணைக்காமல் ஓர் ஆங்கில நாவல் படிக்கிறாள். கோடை முகாமில் ஒரு கொலை. கொலையாளியும் முகாமுக்குள்ளேயே இருக்கிறான்.

"இதை 1939லேயே அகதா கிறிஸ்டி எழுதிட்டாங்கடி. ஒரு தீவு, பத்துப் பேர், வெளியே போக வழியில்லை" என்றேன்.

"பாட்டி, நீ இதெல்லாம் படிப்பியா?" என்று வாயைப் பிளந்தாள்.

என்னைப் படிக்க வைத்தது ஒரு மாணவி. 1992இல் சாரணியர் முகாம். போர்வைக்குள் டார்ச் வைத்து ராஜேஷ்குமார் நாவல் படித்துக்கொண்டிருந்தாள். பிடுங்கிக்கொண்டு, எல்லோர் எதிரிலும் திட்டினேன். அன்றிரவே அதை நான் ஒரே மூச்சில் படித்து முடித்தேன். பிறகு சுஜாதாவின் கணேஷ்-வசந்த், சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி, கிறிஸ்டி என்று தொடர்ந்தது.

ஒரு வரியையும் விடாமல் கவனித்துப் படி என்று வகுப்பில் தொண்டை வற்றக் கத்துவேன். அதைத்தான் அந்தப் பிள்ளை போர்வைக்குள் செய்துகொண்டிருந்தாள். அதன்பின் நூலகப் பீரியடில்கூட அவள் கதைப் புத்தகத்தைத் தொடவில்லை.

அம்மா, இதைப் படித்தால் டீச்சரை மன்னித்துவிடு. புத்தகம் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. வந்து வாங்கிக்கொள். கொலையாளி யாரென்று நான் சொல்லமாட்டேன்.