கொல்லாமல் விரட்டும் வேலை

துபாய் மரீனாவில் ஒரு ஹோட்டலின் மொட்டை மாடி. வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். மேலே தூக்கி வந்த பெட்டிக்குள் ஒரு ஹாரிஸ் பருந்து, அமெரிக்கக் கண்டத்துப் பறவை. புறா எச்சம் சுவரையும் ஏசி எந்திரங்களையும் அரித்துவிடுகிறது என்பதால், இங்கே கட்டடக்காரர்கள் பருந்துக்காரர்களை வேலைக்கு அமர்த்துகிறார்கள்.

வேலை விரட்டுவது மட்டும்தான். பிடிக்கக் கூடாது. உதவியாளராக இருக்கும் ராமநாதபுரத்து இளைஞர் அதைத் தன் பாணியில் சொன்னார்: “ஒரு புறா செத்து நீச்சல் குளத்துல விழுந்துச்சுன்னா, அன்னிக்கோட காண்ட்ராக்ட் போச்சு சார்.”

நான் கேட்ட முதல் கேள்வியே அதுதான்: பிறவி வேட்டைக்காரனை எப்படி நிறுத்தி வைக்கிறீர்கள்? அவர் தராசைக் காட்டினார். தினமும் பறக்கவிடுவதற்கு முன் பறவையை நிறுக்கிறார்கள். ஆண் ஹாரிஸ் பருந்தின் எடை பெரும்பாலும் முக்கால் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அதனால் இருபது, முப்பது கிராம்கூடப் பெரிய வித்தியாசம். எடை கூடினால் பசி இருக்காது, கூப்பிட்டாலும் எதிர்க் கட்டடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். குறைந்தால் வேட்டை வெறி ஏறும், உடம்பும் கெடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய இடத்தில்தான் இவர்கள் பிழைப்பு நடக்கிறது. பறவை ஒரு சுற்று போய்த் திரும்பியதும் கையுறையில் ஒரு துண்டுக் காடை இறைச்சி. அதற்குள் புறாக்கள் இடம் மாறியிருக்கும். ஆனாலும் ஒரே நாளில் அவை அடியோடு போய்விடுவதில்லை. ‘இது வேறொருவன் எல்லை’ என்று அவற்றுக்கு உறைக்கும்வரை திரும்பத் திரும்பப் பறக்கவிட வேண்டும்.

பைரி என்னும் வல்லூறைப் பறக்கவிட்டால் இது நடக்காது. அது மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வானிலிருந்து பாயும். பாய்ந்தபின் யோசிக்க நேரமில்லை. ஹாரிஸ் பருந்து தாழப் பறக்கும், கூட்டமாக வாழ்ந்து பழகியது, மனிதர்களைக் கண்டு மிரளாது.

ஷாஹீன் என்று அரபிகள் அழைக்கும் பைரியையும், ஹுர் என்னும் சேக்கர் வல்லூறையும் பார்க்க அபுதாபி வல்லூறு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 1999இல் திறக்கப்பட்டது. காத்திருப்பு அறையில் செயற்கைப் புல் போர்த்திய இருக்கைகளில் நோயாளிகள் வரிசையாக, கண்ணை மறைக்கும் புர்காவுடன், எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் காண முடியாத ஒழுங்கோடு உட்கார்ந்திருக்கின்றன.

பிடிக்கும் கையைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். இறக்கையை அடித்து முறித்துக்கொள்ளாதபடி பறவையை இறுக்கமாகப் பிடித்தாக வேண்டும். ஆனால் மார்பை அழுத்திவிடக் கூடாது. பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு. பயந்து பிடிக்கும் புதியவர் கையிலேயே அது மூச்சுத் திணறிச் செத்துவிடலாம். மயக்க வாயு செலுத்திய பிறகே நகத்தைத் தேய்க்கிறார்கள். பாறையில் உட்காராத வளர்ப்புப் பறவைக்கு நகம் வளர்ந்துகொண்டே போகும். ஒடிந்த இறகுக்குப் பதிலாக, அதே இனம், அதே அளவில் முன்பே உதிர்ந்த இறகு ஒன்றைத் தேடியெடுத்து, மெல்லிய குச்சி செருகி ஒட்டுகிறார்கள். பொற்கொல்லர் பட்டறை தோற்றுவிடும்.

வல்லூறு வளர்ப்பு 2010இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது. பெருமை ஒருபுறம். அமீரகத்துக்குள் 1983ஆம் ஆண்டுச் சட்டமே வேட்டையைக் கட்டுப்படுத்திவிட்டது என்பதும் உண்மை. ஆனால் வளைகுடாவின் பணக்கார வேட்டைக்காரர்கள் வரகுக்கோழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஹுபாராவைத் தேடிப் பாகிஸ்தானுக்குப் போவது நிற்கவில்லை. அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2015இல் அந்த வேட்டைக்குத் தடை விதித்தது. 2016 ஜனவரியில் அதுவே தடையை நீக்கியது. சொந்த மண்ணில் காட்டும் அடக்கம் எல்லை தாண்டினால் தளர்ந்துவிடுகிறது என்பதை மருத்துவமனையைச் சுற்றிக் காட்டும்போது யாரும் சொல்வதில்லை.

இன்னொரு வழக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வேட்டைப் பருவம் முடிந்ததும், அதற்காகப் பிடித்த வல்லூறுகளைத் திரும்பக் காட்டில் விடுவது அமீரகத்தின் முதல் அதிபர் ஷேக் சாயித்தின் பழக்கம். அதை 1995இல் முறையான திட்டமாக்கினார்கள். மருத்துவமனையில் உடல்நலம் சோதித்து, மைக்ரோசிப் பொருத்தி, பறக்கும் தெம்பு வந்ததும் பாகிஸ்தானுக்கோ கஜகஸ்தானுக்கோ கொண்டுபோய் விடுகிறார்கள். சிலவற்றின் முதுகில் செயற்கைக்கோள் கருவியும் போகிறது, அவை எந்த மலையைக் கடந்தன என்று அபுதாபியில் இருந்தபடியே பார்ப்பதற்கு.